ஒரு கேத்தில் தண்ணீரை வைத்துச் சக்தியைக் கணக்கிடுவது எப்படி: சாதாரண தர, உயர்தர மாணவருக்கான வழிகாட்டி

கேத்திலில் ஒரு லீற்றர் தண்ணீர். கொழும்பில் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் வரும். அதைக் கொதிக்க வைக்க எவ்வளவு சக்தி வேண்டும்? இந்த ஒரு கணக்கைச் சரியாகச் செய்துவிட்டால், வரும் விடையை அளவுகோலாக வைத்து மின்சாரம், பனிக்கட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி, ஓட்டோ, காஸ் சிலிண்டர், அமிலம் என எல்லாவற்றையும் அளக்கலாம். கீழே அதைத்தான் செய்யப்போகிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் பாகையில்.

சமன்பாடு மறந்துபோய்ப் புள்ளி இழப்பவர்கள் குறைவு. எதனுடைய சக்தி, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று ஒரு வரி எழுதாமல் நேரே எண்ணைப் போடுபவர்களே அதிகம். அதனால்தான் இங்கே சமன்பாடுகளைக் குறியீட்டில் எழுதாமல் சொல்லில் எழுதியிருக்கிறோம். ‘திணிவு’ என்று எழுதும்போது எதனுடைய திணிவு என்ற கேள்வி தானாக வரும்.

முதலில் சொற்கள்

வெள்ளவத்தையில் ரியூசன் முடித்து வந்து இரவில் தமிழ்நாட்டு வீடியோக்களையும் பார்க்கும் மாணவருக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் ‘ஆற்றல்’ என்பது நமக்குச் சக்தி. அவர்கள் ‘திறன்’ என்பது நமக்கு வலு. நம் பாடநூலில் வினைத்திறன் என்பது உள்ளே போன சக்தியில் எத்தனை வீதம் பயன்பட்டது என்பதைக் குறிக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘நிறை’. அங்கே நிறை கிலோகிராமில் அளக்கப்படும். இங்கே கிலோகிராமில் அளப்பது திணிவு. நிறை என்பது விசை, அது நியூற்றனில். வீடியோவில் கேட்ட சொல்லை விடைத்தாளில் அப்படியே எழுதினால் கணக்கு சரியாக இருந்தும் விளக்கம் பிழைத்துவிடும்.

சக்தியின் அலகு யூல். ஒரு செக்கனுக்கு எத்தனை யூல் என்பதே வலு, அதன் அலகு வாற்று. வெப்பநிலை என்பது எவ்வளவு சூடு என்பதன் அளவு மட்டுமே. ஒரு குவளை கொதிநீரும் ஒரு வாளி கொதிநீரும் 100 பாகைதான், ஆனால் வாளியைச் சூடாக்க எத்தனையோ மடங்கு சக்தி போயிருக்கும்.

கேத்தில் கணக்கு

எதனுடைய சக்தி: தண்ணீருடையது, 1 கிலோகிராம். எங்கிருந்து எங்கே: 28 பாகைத் திரவத்திலிருந்து 100 பாகைத் திரவத்துக்கு. நிலை மாறவில்லை.

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
(தன்வெப்பக் கொள்ளளவு என்பது ஒரு கிலோவை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பம். தண்ணீருக்கு அது 4200 யூல்.)
= 1 × 4200 × (100 − 28)
= 302,400 யூல், அதாவது ஏறத்தாழ 302 கிலோயூல்.

இந்த 302ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொதிகளில் போடும் கிலோகலோரி ஒன்று ஏறத்தாழ 4.2 கிலோயூல். ஆகவே இது 72 கிலோகலோரி. வெப்பநிலை மாற்றமும் 72தான். தற்செயல் இல்லை, ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை உயர்த்தும் வெப்பமே கிலோகலோரி.

இனி மின்சாரப் பக்கம். கேத்திலின் அடியில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று எழுதியிருக்கிறது என்போம். ஒரு யூலும் வீணாகாவிட்டால் 302,400 ÷ 2000, அதாவது 151 செக்கனில் கொதிக்க வேண்டும். மணிக்கூட்டை வைத்துப் பார்த்தால் 3 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உள்ளே போனது 2000 × 180 = 360 கிலோயூல். வினைத்திறன் 302.4 ÷ 360, அதாவது 84 வீதம். மிச்சம் 58 கிலோயூல் எங்கே? கேத்திலின் உடலும் அடித்தகடும் சூடாகின, சுற்றியுள்ள காற்று கொஞ்சம் எடுத்தது, கடைசியில் நீராவியாகவும் கொஞ்சம் போனது. தானாக நிற்கும் கேத்தில் தண்ணீர் 100 பாகையைத் தொட்ட கணத்தில் நிற்பதில்லை. நீராவி மேலெழுந்து சிறு குழாய் வழியாக ஈருலோகக் கீலத்தை அடைந்து, அது வளைந்த பிறகுதான் சுவிட்ச் விழும். மூடியைத் திறந்து வைத்தால் நீராவி கீலத்துக்குப் போகாது, கேத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும்.

மின்பட்டியலில் வரும் ஒரு யூனிற் என்பது 1000 வாற்று ஒரு மணித்தியாலம் ஓடுவது: 1000 × 3600 = 3600 கிலோயூல். நம் 360 கிலோயூல் சரியாகப் பத்தில் ஒரு யூனிற். ‘கிலோவாற்று’ என்றும் ‘கிலோவாற்று மணி’ என்றும் மாற்றி மாற்றி எழுதுபவர்கள் உண்டு. முதலாவது வலு, இரண்டாவது சக்தி.

மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் வோல்ற்றளவு 207க்கு இறங்கினால் என்ன ஆகும்? வோல்ற்றளவு பத்து வீதம் குறைந்தது, ஆகவே வலுவும் பத்து வீதம் குறைந்து 1800 வாற்று என்று எழுதுவது வழக்கமான பிழை. மாறாமல் இருப்பது கேத்திலின் தடை.

தடை = 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்
புதிய வலு = 207 × 207 ÷ 26.45 = 1620 வாற்று

வோல்ற்றளவு குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால் வலு 19 வீதம் விழுகிறது. அதே 360 கிலோயூலுக்கு இப்போது 222 செக்கன். உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் நேரம் நீளும்போது வெளியே இழக்கும் வெப்பமும் கூடும்.

230 வோல்ற்றில் ஓட்டம் 2000 ÷ 230 = 8.7 அம்பியர். இதை 5 அம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகுவது ஏன் என்பதும் இதே கணக்குத்தான். தளர்ந்த தொடுகையில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும்: 8.7 × 8.7 × 0.2 = 15 வாற்று. 15 வாற்று பெரிதில்லை. ஆனால் அது ஒரு சிறு பித்தளைக் காலில் விடாமல் சேர்ந்தால் பிளாஸ்டிக் பொறுக்காது. கேத்திலை 13 அம்பியர் சொக்கற்றில் நேரே மாட்டுங்கள், நீட்சி வயர் வேண்டாம்.

வெப்பநிலை அசையாத இடங்கள்

100 பாகைத் தண்ணீர் 100 பாகை நீராவியாவதற்கு ஒரு கிலோவுக்கு 2260 கிலோயூல் வேண்டும். 28இலிருந்து 100 வரை கொண்டுவந்ததைப் போல் ஏழரை மடங்கு! வெப்பமானி ஒரு பாகைகூட ஏறாது. வெப்பநிலையை உயர்த்தாமல் நிலையை மட்டும் மாற்றும் இந்த வெப்பமே மறைவெப்பம். மூடி திறந்த கேத்தில் ஐந்து நிமிடம் கொதித்தால், 1700 வாற்று தண்ணீரைச் சேர்கிறது என்று கொண்டு, 1700 × 300 = 510 கிலோயூல். 510 ÷ 2260 = 0.226 கிலோ. கால் லீற்றருக்குச் சற்றுக் குறைய ஆவியாகிவிட்டது. சோறு கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பைக் கூட்டி வைப்பதும் இப்படித்தான். சோறு 100 பாகையில்தான் வேகும், கூடுதல் காஸ் நீராவியாக யன்னலால் போகும்.

உருகுதலில்தான் பரீட்சைக் கணக்குகள் அதிகம். காலிமுகத்திடலில் ஒரு மாலை: 30 பாகையில் 400 கிராம் தேசிக்காய்ச் சாறு, அதில் 0 பாகையில் 100 கிராம் பனிக்கட்டி. சாற்றைத் தண்ணீராகவே கொள்வோம். குவளையையும் காற்றையும் விட்டுவிடுவோம். இறுதி வெப்பநிலை என்ன?

சமன்பாட்டுக்கு முன் ஒரு சோதனை. சாறு 0 பாகைக்கு இறங்கினால் கொடுக்கக்கூடியது 0.4 × 4200 × 30 = 50,400 யூல். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 336,000 யூல் வேண்டும், ஆகவே பனிக்கட்டி முழுதும் உருகத் தேவை 0.1 × 336,000 = 33,600 யூல். கையிருப்பு கூட, ஆகவே எல்லாம் உருகும். இறுதி வெப்பநிலை 0க்கு மேல்.

பெற்ற வெப்பம்: உருக 33,600, உருகிய தண்ணீர் 0இலிருந்து இறுதி வெப்பநிலைக்கு ஏற 420 × இறுதி வெப்பநிலை.
இழந்த வெப்பம்: 1680 × (30 − இறுதி வெப்பநிலை).
சமப்படுத்தினால் 2100 × இறுதி வெப்பநிலை = 16,800. விடை 8 பாகை.

10 பாகை வந்தவர்கள் உருகிய தண்ணீரை மறந்துவிட்டார்கள். பனிக்கட்டி தண்ணீரானதோடு கதை முடிவதில்லை, அந்தத் தண்ணீரும் சூடாக வேண்டும்.

அதே சாற்றில் 200 கிராம் பனிக்கட்டி போட்டால்? சோதனையைச் செய்யாமல் சமன்பாட்டில் போட்டவருக்கு சைபருக்குக் கீழே 6.7 பாகை வரும். 30 பாகைச் சாறும் 0 பாகைப் பனிக்கட்டியும் கலந்து இரண்டையும்விடக் குளிராக முடியாது. சோதனை சொல்வது: தேவை 67,200, இருப்பு 50,400. ஆகவே 50,400 ÷ 336,000 = 0.15 கிலோ மட்டும் உருகும், 50 கிராம் பனிக்கட்டி மிதக்கும், வெப்பநிலை 0.

உயரமும் வேகமும்

60 கிலோ திணிவுள்ள ஒருவரை 302 கிலோயூல் எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும்? ஈர்ப்பு ஆர்முடுகலைச் சாதாரண தர வழக்கப்படி 10 என்று கொண்டால் 302,400 ÷ (60 × 10) = 504 மீற்றர். தாமரைக் கோபுரம் கிட்டத்தட்ட 350 மீற்றர். ஒரு கேத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்த சக்தி ஒருவரை அதன் உச்சியையும் தாண்டி ஏற்றிவிடும். வெப்பக் கணக்கில் வரும் எண்கள் பொறிமுறைக் கணக்கில் வரும் எண்களைவிட எவ்வளவு பெரியவை என்பது இங்கே பிடிபட வேண்டும்.

அதனால்தான் மொட்டைமாடித் தாங்கியும் ஏமாற்றும். 1000 லீற்றரை 20 மீற்றர் ஏற்றினால் சேரும் ஈர்ப்பு அழுத்தசக்தி 1000 × 10 × 20 = 200 கிலோயூல், கேத்திலைவிடக் குறைவு. 750 வாற்று இழுக்கும் தண்ணீர் மோட்டர் தாங்கியை நிரப்ப 15 நிமிடம் எடுத்தால் உள்ளே போனது 750 × 900 = 675 கிலோயூல். வினைத்திறன் 30 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் மோட்டர்ச் சுருளின் சூடு, பம்பினுள் சுழலும் நீர், குழாய் உராய்வு என்று போகிறது. உயரத்தை அளக்கும் இடத்தில் கவனம்: மோட்டரிலிருந்து அல்ல, கீழ்த் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் விழும் வாய் வரை. நேற்று 15 நிமிடத்தில் நிறைந்த தாங்கி இன்று 25 நிமிடம் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது உறிஞ்சு குழாய். மூட்டில் காற்று இழுக்கும், அல்லது அடிவால்வில் குப்பை அடைத்திருக்கும்.

ஒரு யூனிற் மின்சாரத்தை எடுக்க, எதுவும் வீணாகாவிட்டாலும், ஒரு தொன் தண்ணீர் 360 மீற்றர் விழ வேண்டும். நீர்மின் நிலையங்கள் மலைநாட்டில் இருப்பதன் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

இயக்கசக்தியைச் சுருக்கமாகப் பார்ப்போம், அதில் பிழைக்கும் இடம் ஒன்றுதான். ஆட்களோடு 500 கிலோ உள்ள ஓட்டோ காலி வீதியில் மணிக்கு 36 கிலோமீற்றரில் போகிறது. அது செக்கனுக்கு 10 மீற்றர். அரை × 500 × 10 × 10 = 25 கிலோயூல். 36ஐ அப்படியே வர்க்கித்தவருக்கு 324 கிலோயூல் வரும். ஓட்டோ பிரேக் பிடித்தால் ஒரு கேத்தில் தண்ணீர் கொதித்துவிடும் என்று அதற்குப் பொருள்! வேகம் பாதியானால் இயக்கசக்தி காலாகும்: 18 கிலோமீற்றரில் 6.25 கிலோயூல்.

இரசாயனம்: பிணைப்பு உடைவதும் உருவாவதும்

‘பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவரும்.’ உயர்தர வகுப்புவரை கூடவே வரும் பிழை இது. பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்க வேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் சக்தி வெளிவரும். வெளிவருவது கூடவானால் புறவெப்பத் தாக்கம், கொடுத்தது கூடவானால் அகவெப்பத் தாக்கம்.

ஐதரசன் எரிவதை எடுப்போம். 2 மூல் ஐதரசனும் 1 மூல் ஒட்சிசனும் சேர்ந்து 2 மூல் நீராவி. ஒரு மூலுக்கான பிணைப்புச் சக்திகள்: ஐதரசன்–ஐதரசன் 436, ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு 498, ஒட்சிசன்–ஐதரசன் 463 கிலோயூல்.

உடைக்க: 2 × 436 + 498 = 1370
உருவாக: 4 × 463 = 1852
மாற்றம்: 1370 − 1852 = −482, ஒரு மூல் நீராவிக்கு −241 கிலோயூல்.

இரண்டு மூலக்கூறு நீரில் நான்கு பிணைப்பு என்பதை மறந்து 2 × 463 போட்டால் நேர் விடை வரும். ஐதரசன் எரிந்தால் குளிரும் என்று அதற்கு அர்த்தம். குறியைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

இன்னொரு குழப்பம். அட்டவணையில் ஐதரசனின் தகன வெப்பவுள்ளுறை (ஒரு மூல் முழுதாக எரியும்போது வரும் வெப்ப மாற்றம்) −286 என்று இருக்கும், நமக்கு வந்தது −241. பிழை எங்கே? எங்கும் இல்லை. நாம் நிறுத்தியது நீராவியில், அட்டவணை நிறுத்தியது திரவ நீரில். ஒரு மூல் நீராவி 25 பாகையில் ஒடுங்கும்போது ஏறத்தாழ 44 கிலோயூல் விடும். கேத்திலில் பார்த்த அதே மறைவெப்பம் இங்கே இரசாயனப் பாடத்துக்குள் வந்து நிற்கிறது.

வீட்டு எல்பி காஸ் புரொப்பேனும் பியூற்றேனும் கலந்தது. புரொப்பேனின் தகன வெப்பம் மூலுக்கு 2220 கிலோயூல், மூலர்த் திணிவு 44 கிராம். ஆகவே கிராமுக்கு 50 கிலோயூல். பியூற்றேனும் கிட்டத்தட்ட அதுதான். நம் 302 கிலோயூலுக்குக் கொள்கையளவில் 6 கிராம் போதும். திறந்த அடுப்பில் வெப்பத்தில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது என்று கொண்டால் 12 கிராம். 12.5 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ ஆயிரம் தடவை ஒரு லீற்றரைக் கொதிக்க வைக்கும்.

சுடர் மஞ்சளாகி, சட்டியின் அடி கறுக்கத் தொடங்கினால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, காபன் முழுதாக எரியவில்லை. ஒரு மூல் காபன் காபனீரொட்சைட்டு ஆனால் 393.5 கிலோயூல், காபனோரொட்சைட்டோடு நின்றுவிட்டால் 110.5 மட்டும். காசும் வீண், உயிருக்கும் ஆபத்து. தொடர்மாடி வீட்டின் சின்னக் குசினியில் யன்னலைச் சாத்திக்கொண்டு அப்படியோர் அடுப்பை எரிக்கக் கூடாது. அடுப்பின் பர்னரைக் கழற்றிக் கழுவி, துளைகளை ஊசியால் குத்தி, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

இவ்வளவு சக்தி வெளிவரும் தாக்கமென்றால் காஸ் காற்றில் பட்டதும் ஏன் தானாக எரிவதில்லை? முதல் சில பிணைப்புகளை உடைக்க ஏவற்சக்தி வேண்டும். லைட்டரின் சின்னப் பொறி அதைக் கொடுக்கிறது. அதன்பின் எரியும் காஸ் அடுத்துள்ள காஸுக்கு அதைக் கொடுத்துக்கொள்ளும்.

நடுநிலையாக்கல் வெப்பம்: செய்முறை

அமிலமும் மூலமும் (இங்கே சோடியம் ஐதரொட்சைட்டு) தாக்கி ஒரு மூல் நீர் உருவாகும்போது வெளிவருவதே நடுநிலையாக்கல் வெப்பம். இந்தச் செய்முறையை ஆய்வுகூடத்தில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுச் செய்ய வேண்டும். தேவையானவை: மூடியுள்ள ரெஜிபோம் குவளை, அதை நிற்கவைக்க ஒரு முகவை, 0.2 பாகை வரை வாசிக்கக்கூடிய வெப்பமானி, அளவுச்சாடி, லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றர், அதே செறிவில் சோடியம் ஐதரொட்சைட்டு 50 மில்லிலீற்றர்.

1. அமிலத்தைக் குவளையில் விட்டு வெப்பநிலையை வாசிக்கவும். வெப்பமானியைக் கழுவித் துடைத்து மூலத்தின் வெப்பநிலையையும் வாசிக்கவும். 28.0, 28.4 என்று வந்தால் தொடக்கம் 28.2.
2. மூலத்தை ஒரே தடவையில் ஊற்றி, மூடியிட்டு மெதுவாகக் கலக்கவும். வெப்பமானியின் குமிழ் குவளையின் அடியைத் தொடக்கூடாது.
3. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் வாசிக்கவும்.
4. வரைபில் இறங்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, கலந்த கணத்தில் என்ன இருந்திருக்கும் என்று எடுக்கவும். 34.4 என்போம். உயர்வு 6.2 பாகை.

கரைசலின் மொத்தத் திணிவு 100 கிராம். வெப்பம் 0.1 × 4200 × 6.2 = 2604 யூல். உருவான நீர் 0.05 மூல். 2604 ÷ 0.05 = 52 கிலோயூல். வெப்பம் வெளிவந்ததால் −52 என்று எழுத வேண்டும்.

வன்னமிலம், வன்மூலம் என்றால் ஏறத்தாழ 57 வர வேண்டும். குறைந்த ஐந்து குவளைக்கும் வெப்பமானிக்கும் காற்றுக்கும் போனது. 26 வந்தால் வெப்ப இழப்பைக் குறைசொல்ல வேண்டாம்: 50 கிராம் என்று போட்டிருக்கிறீர்கள், அல்லது அமிலத்தையும் மூலத்தையும் கூட்டி 0.1 மூல் என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் 100 மில்லிலீற்றராக்கினால் வெப்பம் இருமடங்காகும், வெப்பநிலை உயர்வு அப்படியே இருக்கும், ஏனென்றால் சூடாக வேண்டிய தண்ணீரும் இருமடங்கு. செறிவுகளை இருமடங்காக்கினால்தான் உயர்வு இருமடங்காகும்.

அமிலத்துக்குப் பதிலாகக் கடை வினாகிரி 50 மில்லிலீற்றர் எடுத்தால் வெப்பநிலை 4.4 பாகை அளவில்தான் ஏறும். 0.1 × 4200 × 4.4 = 1848 யூலை 0.05ஆல் பிரித்து 37 என்று எடுத்து, ‘மென்னமிலம், ஆகவே குறைவு’ என்று எழுதிவிட்டுப் போக முடியும். ஆனால் அசற்றிக் அமிலத்துக்கு உண்மைப் பெறுமானம் 55ஐ ஒட்டி வரும். மென்னமிலத்தை அயனாக்கச் செலவாவது ஒன்றிரண்டு கிலோயூல் மட்டுமே. போத்தலில் 4 வீதம் என்று இருந்தால் லீற்றருக்கு 40 கிராம், மூலர்த் திணிவு 60, ஆகவே 50 மில்லிலீற்றரில் 0.033 மூல்தான் இருந்தது. 1848ஐ அதனால் பிரித்துப் பாருங்கள், 55 அல்லது 56 வரும். சோடியம் ஐதரொட்சைட்டில் மூன்றிலொரு பங்கு தாக்கமடைய அமிலம் இல்லாமல் குவளைக்குள் அப்படியே மிஞ்சியிருக்கிறது, கையில் படாமல் ஊற்றுங்கள்.